கறிவேப்பிலைக்குக் கைதட்டல்

இன்றைக்குக் கறிவேப்பிலை கேட்கக்கூடாது. கேட்டால் கை தட்டுவார்கள்.

இப்படித் தீர்மானித்துக்கொண்டுதான் கல்பகம் துணிப்பையோடு பப்புக்குள் நுழைந்தாள். வாசலில் நின்ற காவலாள் மற்றவர்களிடம் ஆதார் கேட்டான். அவளுக்கு மட்டும் வணக்கம் வைத்தான்.

செகந்திராபாத்தின் அந்தப் பழைய மார்க்கெட் கட்டடம் போன வருடம் பப் ஆகிவிட்டது. ஆட்டுத்தொடை தொங்கிய கொக்கிகளில் இப்போது விளக்குகள். வெங்காய மூட்டை அடுக்கிய மேடையில் பீர்க் குழாய்கள். மார்க்கெட்டின் களை போய்விடக்கூடாது என்று முதலாளி ஒரே ஒரு காய்கறிக் கடையை விட்டுவைத்தார். அது யாதம்மாவின் கடை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து கல்பகம் அவளிடம்தான் காய் வாங்குகிறாள்.

வீட்டில் கணவர் ராஜாராமன் எதைச் சொன்னாலும் அவளுக்குச் சரி. ஆபீஸில் யார் சொன்னாலும் சரி. அவள் வாய்விட்டு ஒன்றைக் கேட்டு, கிடைக்கும்வரை நகராமல் நிற்பது இந்தக் கடையில் மட்டும்தான். அப்போது எழும் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும். திரும்பும் பஸ்ஸில் அதை ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்வாள்.

யாதம்மா கத்தரிக்காயை நிறுத்துப் பையில் கொட்டினாள். பேசாமல் போய்விடலாம். கால் வரவில்லை.

"கறிவேப்பிலை எங்கே?"

"நக்கோ அம்மா, முடியாது, இன்னைக்குத் தரமாட்டேன்."

"தராம? தாளிக்க உன் தலைமுடியையா போடுறது? எடு வெளியே!"

மேசைகளில் பேச்சு நின்றது. "விடாதீங்க ஆன்ட்டி, கொத்துமல்லியும் கேளுங்க!" என்று ஒருவன் கோப்பையைத் தூக்கினான். யாதம்மா ஒரு கொத்தைப் பைக்குள் விட்டெறிந்தாள். தகரக்கூரை அதிரக் கைதட்டல்.

மானேஜர் அனிருத் ஓடி வந்தான்.

"செம்ம ஆன்ட்டி! வெள்ளிக்கிழமையிலேர்ந்து இதை ஷோவாவே போட்டுடலாம். யாதம்மா ஓகே சொல்லிட்டாங்க."

யாதம்மா முந்தானையில் குத்தியிருந்த குட்டி மைக்கைக் காட்டிச் சிரித்தாள். "மொதல்ல தரமாட்டேன்னு சொல்லணுமாம்மா. காலையில சொல்லிக் குடுத்தாங்க. நல்லா சொன்னேனா?"

அப்படியானால் இன்று அவள் ஜெயித்தது நிஜமில்லையா?

அனிருத் இன்னொரு மைக்கை நீட்டினான். "இதை மாட்டிக்கிட்டு இன்னும் ஒரே ஒரு தடவை கேளுங்க ஆன்ட்டி."

எல்லோரும் காத்திருந்தார்கள். கல்பகம் பையிலிருந்து கறிவேப்பிலையை எடுத்தாள். தராசுத் தட்டில் மெதுவாகத் திரும்ப வைத்தாள்.

"வேணாம்ப்பா" என்றாள், பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்காத குரலில்.