மூன்றாவது கடற்கரை

கலங்கரை விளக்கத்தின் உள்படியில், பாதி ஏறியதும் லிப்ட் மெக்கானிக் நின்றுவிட்டார். மூச்சு வாங்கவில்லை. கைப்பிடிக் கம்பிக்கு மேலாக நடுப்பள்ளத்தை எட்டிப் பார்த்தார். அடியில் சுற்றுலா வந்தவர்களின் தலைகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. பயமாக இருக்க வேண்டுமே என்று தோன்றியது. எதுவும் இல்லை.

பத்து நாளைக்கு முன்னால், இதில் கால்வாசி ஆழம்கூட இல்லாத லிப்ட் குழியில்தான் அவருடைய கூட்டாளி விழுந்து செத்தான். பதினோரு வருஷம் இருவருக்கும் ஒரே கருவிப்பை. கம்பெனி இரண்டு வாரம் லீவு கொடுத்தது. "வீட்டுலயே விட்டா மாமா சுவத்தோட சுவரா ஆயிடுவாரு" என்று மைத்துனன்தான் காரை எடுத்து வந்து, அக்காவையும் அவரையும் இந்தப் பழைய துறைமுக ஊருக்குக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தான்.

அவனுக்கு வாய் ஓயவில்லை. கோட்டை மதில்மேல் பீரங்கியைத் தட்டிப் பார்த்து, "நானூறு வருஷமாம் மாமா. நம்ம மிக்ஸி நாலு வருஷம் தாங்கல" என்றான். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து மெக்கானிக் சிரித்தார். போட்டோவுக்கு நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார். முதல் கடற்கரையில் கூட்டம், இரண்டாவதில் பாறை. மூன்றாவதில் ஆளே இல்லை. மைத்துனன் டீக்கடை தேடிப் போனான்.

மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அவர் கடலைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னைக்கு என் முறை. பல்வலின்னு சொல்லி அவனை அனுப்பிட்டேன்."

"தெரியும். சாவு எடுத்தன்னைக்கே அவன் பொண்டாட்டி எங்கிட்ட கேட்டா, அண்ணனுக்குப் பல்வலி எப்படி இருக்குன்னு."

அவர் திரும்பினார். "நீ என்ன சொன்ன?"

"குறைஞ்சிருக்குன்னு சொன்னேன்." அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "அவன் விழுந்த அன்னைக்கு நீங்க வறுகடலை கொறிச்சுக்கிட்டு டிவி பாத்துக்கிட்டிருந்தீங்க."

பத்து நாளாக அவளும் இதைச் சுமந்துகொண்டுதான் சோறு போட்டிருக்கிறாள், சட்டை துவைத்திருக்கிறாள். அழுகை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. நாக்கு மட்டும், வலிக்காத அந்தப் பல்லைத் தடவிக்கொண்டிருந்தது.

"அந்தத் தங்கச்சிகிட்ட நானே சொல்லிடணும்."

"சொன்னா அப்புறம் அவ நம்ம மூஞ்சில முழிக்க மாட்டா."

"ம்."

அலை நுரையை இழுத்துக்கொண்டு மேலேறி வந்தது. அவர் நகரவில்லை. மனைவி செருப்பை மணலில் போட்டுவிட்டுக் குனிந்து, அவருடைய பேன்ட்டின் ஒரு காலை முழங்கால்வரை மடித்துவிட்டாள். மற்றதை மடிப்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.