ஒரு கட்டிடத்தில் நாலு சிவா

நகரசபையின் மனித உரிமை ஆணைக்குழுவில் நிரஞ்சினியைச் சேர்த்துக்கொண்டபோது, "சுவிசில என்ன மனித உரிமைப் பிரச்சினை கிடக்கு?" என்று அவளுடைய கணவன் கேட்டான். பேர்ண் நகரை ஒட்டிய அந்தச் சின்ன நகரத்தில் ட்ராம் கொஞ்சம் பிந்தினாலே ஊர் இரண்டுபடும். ஆணைக்குழுவுக்கு யாரையும் தண்டிக்கிற அதிகாரமும் இல்லை. முறைப்பாட்டைக் கேட்கலாம், இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுக் கதைக்கலாம், சபைக்கு ஆலோசனை சொல்லலாம். அவ்வளவுதான்.

முதல் முறைப்பாடு சந்தையில் அவளைத் தேடி வந்தது. ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்யும் ரவீந்திரன், கையில் லீக்ஸ் கட்டோடு அவளை மறித்தார்.

"தங்கச்சி, நீர்தானே அந்த உரிமைக் கொமிசனில இருக்கிறீர்? என்ர பேர் களவு போயிட்டுது."

"என்ன அண்ணை சொல்லுறீங்கள்?"

விஷயம் இதுதான். அவர் இருக்கும் தொடர்மாடியில் பழைய அழைப்புமணிகளைக் கழற்றிவிட்டுப் புதிதாக மின்திரை வைத்த மணிகள் பூட்டியிருந்தார்கள். குடும்பப் பெயருக்கு அதில் சின்ன இடம்தான். அந்தக் கட்டிடத்தில் சிவானந்தராசா, சிவநேசன், சிவபாதம், சிவஞானம் என்று நாலு குடும்பம். வீட்டு நிர்வாகக் கொம்பனி ஒருவரையும் கேட்கவில்லை. சிவா 1, சிவா 2, சிவா 3, சிவா 4 என்று போட்டுவிட்டுப் போய்விட்டது. ரவீந்திரன் சிவானந்தராசா இப்போது சிவா 3. அவருடைய பிரஷர் மருந்துக் குளிசை தபாலில் சிவா 2 வீட்டுக்குப் போனது. சிவா 2 கலியாண வீட்டுக்குப் பாரிஸ் போயிருந்தார்.

"கொம்பனிக்கு எழுதிப் பாத்தீங்களோ?"

"எழுதினன். 'மதிப்புக்குரிய திரு. சிவா 3' எண்டு பதில் வந்திருக்கு."

நிரஞ்சினிக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு லீக்ஸை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "அது என்ர அப்பற்ற பேர், தங்கச்சி. அந்தாள் இந்த நாட்டை ஒரு நாளும் கண்டதில்லை. அவற்ற பேர் வீட்டுக் கதவடியிலயாவது இருந்துது" என்றார். அவளுடைய சிரிப்பு அடங்கிவிட்டது.

ஆணைக்குழுக் கூட்டத்தில், "மணியில் இருக்கிற எழுத்து ஒரு மனித உரிமையா?" என்று ஒருவர் இழுத்தார். தலைவி றேகுலா ஓய்வுபெற்ற ஆசிரியை. கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்து, "பிறந்த குழந்தைக்கே பெயர் உரிமை என்று உலகம் கையெழுத்துப் போட்டிருக்கிறது. வாடகை கட்டுகிறவருக்கு இல்லையா?" என்றாள். கொம்பனிக்காரரை அந்தக் கட்டிடத்துக்கே வரச்சொல்லிக் கதைப்பது என்று முடிவானது. நிரஞ்சினியே தொலைபேசியில் பேசினாள். ரவீந்திரன் சிவானந்தராசா வீட்டுக்கு வாருங்கள் என்று முழுப்பெயரையும் ஆறுதலாகச் சொன்னாள்.

சனிக்கிழமை பின்னேரம் ரவீந்திரன் வீட்டில் அவளும் றேகுலாவும் காத்திருந்தார்கள். வடை ஆறியது. கொம்பனிக்காரர் திரு. ஸ்டுக்கியைக் காணவில்லை.

"பயந்திட்டான் போல" என்றார் ரவீந்திரன்.

ஸ்டுக்கி பயப்படவில்லை. அவர் கீழே நின்று தன் குறிப்பைப் பார்த்தார். 'சிவா' என்று மட்டும் எழுதியிருந்தார். முதலாவது மணியை அமத்தினார். கதவைத் திறந்த கோசலா சிவபாதம், குழாய் திருத்த வந்த ஆள் என்று நினைத்து நேரே குளியலறைக்குக் கூட்டிப்போய் ஒழுகுகிற குழாயைக் காட்டினாள். அவர் தான் யார் என்று விளங்கப்படுத்தி முடிக்க முன்னமே கையில் தேநீர் வந்துவிட்டது. அடுத்து சிவநேசன். அவர் கலியாணத்தால் திரும்பிவந்த சந்தோசத்தில் இருந்தார். பலகாரம் எடுக்காமல் வெளியே விடவில்லை. அதே மாடியில் சிவஞானம் வீட்டில் பிறந்தநாள். ஸ்டுக்கியையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள்.

கடைசியாக ரவீந்திரனின் கதவில் அவர் வந்து நின்றபோது கழுத்துப்பட்டி தளர்ந்து, கையில் ஒரு துண்டு கேக்கோடு இருந்தார்.

"நீங்கள்தானே சிவா 3?" என்றார்.

"சிவானந்தராசா."

ஸ்டுக்கி பெருமூச்சு விட்டு அமர்ந்தார். "மன்னியுங்கள். இனி எனக்கு எதுவும் சாப்பிடத் தரவேண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் அவர் இலேசில் விட்டுக்கொடுக்கவில்லை. மணித்திரை அவ்வளவு இடத்தோடுதான் வருகிறது, அதற்குத் தான் என்ன செய்வது என்றார். பிறகு நிரஞ்சினியின் பக்கம் திரும்பினார். "உங்களை எனக்குத் தெரியும். என் அம்மா இருக்கிற முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறீர்கள். அங்கே உங்கள் பெயர் நீனா. நீங்களே பெயரைச் சுருக்கித்தானே வைத்திருக்கிறீர்கள்?"

நிரஞ்சினிக்கு முகம் சூடேறியது. நான் விரும்பி வைத்த பெயர் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. சொல்ல வாயும் எடுத்தாள். ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நினைவுக்கு வந்தது. மேற்பார்வையாளர் அவளுடைய பெயரைப் பார்த்துவிட்டு, "நீனா போதும்" என்றார். அவள் தலையாட்டினாள்.

"இல்லை" என்றாள். "என்னையும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிரஞ்சினி என்றுதான் சொல்லியிருப்பேன். நீனா பிழையான பெயர் இல்லை. என்னுடையது இல்லை."

ஸ்டுக்கி கேக்கைத் தட்டில் வைத்தார். பிறகு கைபேசியை எடுத்து, மணி பூட்டிய ஆட்களை அழைத்தார். "இரண்டு வரியாகப் போடலாமா?" என்று கேட்டார். மறுபக்கம் ஏதோ நீளமாகச் சொல்லிற்று. அவருடைய காது சிவந்தது.

"போடலாமாம்" என்றார். "முதலிலேயே போட்டிருக்கலாமாம். ஒருவரும் கேட்கவில்லையாம்."

றேகுலா அந்த இடத்திலேயே ஒரு வடையை எடுத்துக் கடித்தாள்.

திங்கட்கிழமை முதியோர் இல்லத்தில் நிரஞ்சினி தன் முழுப்பெயரைச் சொன்னாள். கூட வேலைசெய்பவர்கள் நிரான்சினி, நிர்ஜினி என்று நாக்கைப் புரட்டினார்கள். அவள் திருத்தித் திருத்திச் சொல்ல, வெள்ளிக்கிழமைக்குள் சமையல்காரி சரியாகச் சொல்லிவிட்டாள். மற்றவர்களும் பரவாயில்லை.

மணிகள் மாறிய அன்று ரவீந்திரன் அவளைக் கூப்பிட்டார். நாலு குடும்பமும் வாசலில் நின்றது. சிவானந்தராசா என்ற பெயர் இரண்டு வரியை நிறைத்துக்கொண்டு வெளிச்சத்தில் நின்றது. ரவீந்திரன் சட்டைப்பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்துத் திரையை ஒருதரம் துடைத்தார்.

சிவநேசன் மட்டும் முணுமுணுத்தார்.

"முந்தி எங்கட சொந்தக்காரர் மணியைப் பிழையா அடிச்சு சிவபாதம் வீட்டில சாப்பிட்டிட்டுப் போனவை. இனி எல்லாரும் நேரா எங்கட வீட்டுக்குத்தான் வருவினம்."

"அதுக்கும் ஒரு முறைப்பாடு தாங்கோவன், அண்ணை" என்றாள் நிரஞ்சினி.