வலது ஓரத்துக் கட்டை

நாற்பது வருஷமாக காஸ் டொம்பெக் ஒரு கட்டையின் மேல் கோபமாக இருந்தார். மனிதர்கள் மேல் கோபம் என்றால் என்றைக்காவது கைகுலுக்கித் தீர்த்துக்கொள்ளலாம். மேப்பிள் மரத்தில் கடைந்த முழ உயரக் கட்டையோடு யார் போய் சமாதானம் பேசுவது?

பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் ஆட்டத்தில், கிளீவ்லாந்தில் 1969-இல் நடந்த சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் தொடங்கியது அந்தக் கோபம். எதிராளி வெர்ன் ஹட்சின்ஸ் ஆடி முடித்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கடைசிக் கட்டத்தின் முதல் பந்தில் பத்துக் கட்டைகளும் சாய்ந்தால் கோப்பை காஸுக்கு. பந்தை உருட்டிய கையோடு அவர் திரும்பி, கூட்டத்தில் இருந்த மனைவி டோலோரஸைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அவள் முகம் செத்துப்போனதைப் பார்த்துத்தான் வலது ஓரத்துக் கட்டை இன்னும் நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. ஆறு புள்ளியில் தோற்றார்.

பவுலிங் ஆடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அருமையான பந்துக்கு ஒரு கட்டை மட்டும் அசையாமல் நின்றுவிட்டால், "உன்னைக் கொள்ளையடிச்சிட்டாங்கப்பா" என்று தோளில் தட்டுவார்கள். சுமாரான பந்துக்கும் தட்டுவார்கள், காசா பணமா? கேட்டுக்கொள்கிறவன் அதை நம்பிவிடக் கூடாது, அவ்வளவுதான். அன்றைக்கு ஹட்சின்ஸ் உட்பட எல்லோரும் காஸின் தோளில் தட்டினார்கள். காஸ் நம்பிவிட்டார்.

தன் கை சரி, விதிதான் கோணல் என்று முடிவு கட்டியவனை யார் தடுப்பது? டொலீடோவின் கண்ணாடி ஆலையில் மேஸ்திரி வேலை தேடி வந்தது. வேண்டாம் என்றார். காரின் பின்பக்கம் நாலு பந்துகளைப் போட்டுக்கொண்டு ஒன்பது வருஷம் ஊர் ஊராக அலைந்தார். மறுபடி ஒரு இறுதி ஆட்டத்தைக்கூட எட்டவில்லை. டோலோரஸ் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்த்து இரண்டு பெண்களை வளர்த்தாள். அந்தப் பெண்கள் இன்றைக்கும் அம்மாவோடு மட்டும்தான் போனில் பேசுகிறார்கள்.

அந்த ஆட்டத்தின் பதிவு அழிந்துபோனதாகவே எல்லோரும் நினைத்திருந்தார்கள். எந்தக் கேமராக்காரர் வீட்டு நிலவறையிலோ அது கிடைத்து, விளையாட்டுச் சேனலில் வியாழன் மதியம் போடப்போவதாகச் செய்தி வந்தது. காஸுக்குத் தலைகால் புரியவில்லை. தனக்கு நடந்த அநியாயத்தை ஊரே பார்க்கப்போகிறது என்று, வாராவாரம் தன்னோடு ஆடும் கிழவர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டுவிட்டார். டோலோரஸ் மட்டும் தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள். அவர் விடவில்லை.

பவுலிங் கூடத்தின் பார் தொலைக்காட்சி முன்னால் காஸும் டோலோரஸும் பன்னிரண்டு கிழவர்களும் உட்கார்ந்தார்கள். தரையின் மெழுகுப் பளபளப்பு, சட்டை முதுகில் தைத்த பெயர்கள், இருக்கைக்கு இருக்கை சாம்பல் கிண்ணம் எல்லாம் அப்படியே திரையில் வந்தன. அப்போதெல்லாம் சனிக்கிழமையானால் நாடே இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது என்று ஒருவர் பெருமூச்சு விட்டார். திரையில் காஸின் தொப்பையில்லாத இடுப்பைப் பார்த்து, கிழவர்களில் ஒருவரான எல்மர், "இந்தப் பையன் யாருப்பா, உன் தம்பியா?" என்று சீண்டினார்.

அந்தப் பந்து உருண்டது. ஒன்பது கட்டைகள் சாய்ந்தன. "பார்த்தீங்களா, பார்த்தீங்களா" என்று காஸ் மேஜையைத் தட்டினார். அதையே சேனல்காரர்கள் மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள்.

பந்து இன்னும் கையில் இருக்கிறது. ஆனால் தலை திரும்பிவிட்டது. தலையோடு தோளும் திரும்ப, வளைந்து போக வேண்டிய பந்து விரல்களிலிருந்து நழுவிச் சோம்பலாகப் போகிறது. கட்டை எதையும் கொள்ளையடிக்கவில்லை. ஆடுகிற எவனுக்கும் அது ஒரு பார்வையில் புரியும், அங்கே இருந்த பன்னிரண்டு பேரும் ஆடுகிறவர்கள்.

எல்மர் தன் பீரை ஏதோ பூச்சி விழுந்ததுபோல உற்றுப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராகக் காலணி மாற்றும் சாக்கில் எழுந்து போனார்கள். காஸ் டோலோரஸ் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் மனைவியிடம்.

"அன்னைக்கே தெரியும்."

"ஏன் சொல்லலை? ஒன்பது வருஷம், டோலோரஸ். நம்ம பொண்ணுங்க..."

அவள் அழ ஆரம்பித்தாள். "எப்படிச் சொல்லுவேன்? நீ கையை வீசறப்பவே எனக்குத் தாங்கலை. ஜெயிச்சுட்டே காஸ்னு கத்திட்டேன். அந்தக் குரலுக்குத்தான் நீ திரும்பினே. உன் வாழ்க்கையைக் கெடுத்தது நான்தான். தெரிஞ்சா நீ என்னை விட்டுட்டுப் போயிடுவேன்னு பயந்தேன்."

காஸுக்கு அன்றைக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. அது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். ஜெயித்த முகத்தை அவளுக்குக் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் அவராகத்தான் திரும்பினார். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாற்பது வருஷமாக அவள் சுமந்தது இறங்கிவிடும். ஆனால் அத்தனையும் அவர் தலையில்தான் விடியும்: தோல்வி, அந்த ஒன்பது வருஷம், போனில் பேசாத பெண்கள்.

டோலோரஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காஸ் சொல்லவில்லை.