ஆயிரம் ஓம்

கணக்குப்புலி என்று எல்லாரும் கேலியாகக் கூப்பிடும் அந்த வயர்மேனுக்கு ஒரு வழக்கம் உண்டு. மீட்டரை வைத்துப் பார்த்ததும் திருப்புளியைத் தேடமாட்டார், சாக்பீஸைத் தேடுவார். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்துத் தடை, இரண்டையும் பெருக்கி வாட் என்று சுவரிலேயே கணக்குப் போட்டுவிட்டு, "மூணாவது ரூம்ல யாரோ இஸ்திரிப் பெட்டிய மறந்துட்டாங்க" என்பார். பெரும்பாலும் அது சரியாகவே இருந்து தொலைக்கும்.

மூன்று வருடமாக அவருடன் வேலைக்கு வருவது மனைவிதான். அதற்கு முன் அவளுடைய அண்ணன் வந்துகொண்டிருந்தார். இன்று வேலைக்கு வந்திருக்கும் இதே சலவைக் கூடத்தின் கீழ்த்தளத்தில், ஈரத் தரையில், கரண்ட் அடித்துச் செத்துப்போனார். வேலை முடிவதற்குள் அவரே மறதியாக ப்யூஸ் கட்டையை மாட்டிவிட்டு மறுபடி கீழே இறங்கிவிட்டார் என்று கணக்குப்புலி சொன்னார், எல்லாரும் நம்பினார்கள். அது பச்சைப் பொய். அந்தப் பொய்யை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் மனுஷன் தினமும் அவள் கையால் சாப்பிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு இந்தப் பக்கமே தலைகாட்டாமல் இருந்தவர். நேற்று இங்கிருந்து போன் வந்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். வருகிறோம் என்று மனைவி ஒப்புக்கொண்டுவிட்டாள்.

"எல்லா மெஷினையும் நிறுத்தினாலும் கரண்ட் மீட்டர் ஓடிக்கிட்டே இருக்குங்க. மூணு பேர் வந்து பாத்துட்டுக் கையை விரிச்சுட்டாங்க" என்றாள் முதலாளியம்மா. சொல்லிவிட்டு உள்ளே நிற்கப் பிடிக்காதவள்போல வாசலுக்குப் போய்விட்டாள்.

காலை பத்து மணி. ஜன்னல் வழியே நல்ல வெயில். மெஷின்கள் நின்றுபோன கூடத்தில் சோப்பு வாசனை மட்டும் இருந்தது. படிக்கட்டுத் தலைப்பில் மின்பலகை. மனைவி ஒவ்வொரு வயராகக் கிளாம்ப் மீட்டரைக் கவ்வவிட்டாள். ஆறு லைனிலும் பூஜ்யம். ஏழாவதில் எண் எழுந்து நின்றது.

"பாயிண்ட் இருபத்துமூணு ஆம்பியர். வோல்ட் எரநூத்தி முப்பது" என்றாள். சாக்பீஸை அவளே எடுத்தாள். "எரநூத்தி முப்பத பாயிண்ட் இருபத்துமூணால வகுத்தா, தடை ஆயிரம் ஓம். பெருக்கினா அம்பத்துமூணு வாட். அறுபது வாட் பல்பா இருந்தா பாயிண்ட் இருபத்தாறு காட்டணுமே. இது என்ன சாமான்ங்க?"

ஏழாவது லைன் கீழ்த்தளத்துக்குப் போவது. சாவுக்குப் பிறகு அதன் மறுமுனையை கணக்குப்புலிதான் வெட்டி, டேப் சுற்றி, படிக்கட்டுக் கதவைப் பூட்டச் சொன்னார். நுனி அறுந்த வயரில் கரண்ட் ஓட வழியே இல்லை. அதோடு, ஆயிரம் ஓம் என்ன சாமான் என்பதும் அவருக்குத் தெரியும். "ஈரக் கையோட ஒரு மனுஷன் ஏறக்குறைய ஆயிரம் ஓம், மாப்ளே. நம்ம விலை அவ்வளவுதான்" என்று மச்சான்காரர் அடிக்கடி சொல்லிச் சிரிப்பார்.

"மீட்டர் பேட்டரி போயிருக்கும்" என்று மழுப்பினார்.

"மத்த ஆறுல ஒழுங்காத்தானே காட்டுச்சு?"

ப்யூஸ் கட்டையைப் பிடுங்கினார். இந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. கட்டையைக் கழற்றியவர் அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் லைனில் கை வைக்க வேண்டும். பையில் கட்டை இருக்கும்வரை உயிருக்குப் பயமில்லை. அவரும் பழக்க தோஷத்தில் பையில் போட்டார். கட்டை வெதுவெதுப்பாக இருந்தது, இன்னொருவர் பையிலிருந்து இப்போதுதான் எடுத்துக் கொடுத்ததுபோல.

மனைவி மறுபடி பார்த்தாள். "வோல்ட் பூஜ்யம்." கிளாம்ப் மீட்டரை மறுபடி கவ்வவிட்டாள். "ஆம்பியர் மட்டும் அப்படியே இருக்கு."

தள்ளுகிற வோல்ட் இல்லாமல் ஓடுகிற கரண்ட். இந்தக் கணக்கை எந்தச் சுவரில் போடுவது? கீழே, மூன்று வருடமாகக் குழாய் அடைபட்டுக் கிடக்கும் அந்த அறையில், தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

மனைவி புடவைக்கு மேல் போட்டிருந்த வேலைச் சட்டையின் பையில் கைவிட்டாள். அது அண்ணனின் பழைய சட்டை. பலகையின் மற்ற ஆறு கட்டைகளைப் போலவே நீலப் பெயின்ட் அடித்த ஒரு ப்யூஸ் கட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"அண்ணன் கழட்டி வச்ச கட்டை. அன்னிக்கு ஆஸ்பத்திரியில குடுத்த சட்டையிலயே இருந்துச்சு. அப்போ எனக்கு ஒண்ணும் புரியல. உங்களோட வேலைக்கு வந்து, தொழில் கத்துக்கிட்டப்புறம்தான் புரிஞ்சுது. இது அவர் பையில இருந்தா, அங்க மாட்டுனது யாரு?"

மென்று விழுங்க இனி எதுவும் மிச்சமில்லை. "நான்தான்" என்றார். "மெஷின ஓட்டணும்னு மேல நச்சரிச்சாங்க. பலகையில கட்டை இல்ல. மச்சான் வேலைய முடிச்சுட்டு எங்கயோ வச்சுட்டாருன்னு நெனச்சு என் பையிலிருந்து வேற ஒண்ண எடுத்து மாட்டிட்டேன். பன்னெண்டு படி. எறங்கிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

மீட்டரில் எண் மெல்ல இறங்கியது. பாயிண்ட் இருபது, பாயிண்ட் பன்னிரண்டு, பாயிண்ட் பூஜ்யம் நான்கு. பூஜ்யம். தண்ணீர்ச் சத்தமும் நின்றது. வெட்கங்கெட்ட நிம்மதி ஒன்று அவர் நெஞ்சில் பரவியது. அப்பாடா, தீர்ந்தது என்று அழுதே விட்டார்.

அவள் அழவில்லை. அவருடைய சட்டைப் பையிலிருந்த கட்டையைத் தானே எடுத்தாள். அண்ணன் கட்டையோடு சேர்த்துத் தன் பையில் போட்டுப் பித்தானைப் பூட்டினாள்.

"கீழ கெடக்குற பழைய வயரை எடுத்துடணும்னு முதலாளியம்மா சொல்லியிருக்காங்க" என்றாள். "போங்க. நான் பலகைகிட்ட நிக்கிறேன்."

"கட்டையை எங்கிட்ட..."

"எங்கிட்டயே இருக்கட்டும். இனிமே எந்த வேலைக்குப் போனாலும் எங்கிட்டதான் இருக்கும்."

அவர் பூட்டைத் திறந்து முதல் படியில் கால் வைத்தார். கீழே தரை ஈரமாக இருந்தது.