பொத்தான் எந்தப் பக்கம்?

1

முதலில் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. ஒரு சனிக்கிழமை காலை என்னை ஒரு முக்காலியின் மேல் அசையாமல் உட்காரவைத்து, என் தலையில் கட்டிவிட்டார்கள்.

என் மச்சினி ஓவியம் சொல்லித்தருகிறவள். தபால் நிலையத்துக்கு மேலே மாடியில், பென்சிலையே புதிதாகப் பிடிக்கும் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துகிறாள். அன்றைக்கு மாடலாக உட்கார வேண்டியவர் வரவில்லை. எனக்குப் போன் வந்தது.

“அத்தான், ஒரு மணி நேரம் சும்மா உக்காரணும். பேசக் கூடாது, யோசிக்கக் கூடாது. உங்களுக்கு நல்லா வரும்.”

குடும்பத்தில் எழுத்தாளனுக்கு இருக்கும் மரியாதை அவ்வளவுதான். போனேன். பன்னிரண்டு பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்து வரைந்தார்கள். முடிந்ததும் ஒவ்வொருவர் தோளுக்குப் பின்னாலும் போய் எட்டிப் பார்த்தேன். பதினோரு தாள்களில் நான் ஓரளவுக்கு ஆளாக இருந்தேன். இரண்டில் மட்டும் நோயாளி. பன்னிரண்டாவது தாளில் துண்டு துண்டாகக் கிடந்தேன். முன்பக்கம் தனி, முதுகு தனி, கை இரண்டும் தனித்தனி, காலர் ஓரமாக. தலையும் இருந்தது. அதைச் சுற்றிப் புள்ளிக்கோடு போட்டு, தையலுக்கு அரை அங்குலம் விட்டிருந்தது.

வரைந்தவள் டெய்லரக்கா. வயது நாற்பத்தாறு. வீட்டுக்குக் கீழேயே கடை. பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பிடிப்பது. வகுப்பில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நானும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

“என்னக்கா, என்னை வெட்டிப் போட்டுட்டீங்க?” என்றேன்.

“தச்சா சரியா வருவீங்க சார்,” என்றாள். கிண்டல் இல்லை, உறுதி கொடுத்தாள்.

2

ஆரம்பத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘அம்மா போன அன்றுதான் அவள் முதன்முதலாக ஒரு பென்சிலை’ (வேண்டாம். அவளுடைய அம்மா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். நேற்றுகூடப் போனில் சண்டை.)

‘பள்ளி நாட்களில் நிறைவேறாமல் போன கனவு ஒன்று அவள் நெஞ்சின் ஆழத்தில்’ (இதுவும் பொய். பள்ளியில் அவளுக்கு வரைபடத்தில் ஆறுகளைக்கூடப் பக்கத்து பெஞ்சுக்காரிதான் வரைந்து கொடுத்திருக்கிறாள்.)

‘கலை என்பது’ (சீ.)

அப்புறம் அவளிடமே கேட்டேன். நடந்தது இதுதான். மச்சினியின் பேன்ட்டுக்கு ஜிப் போட்டுக் கொடுக்க மாடிக்கு வந்தவள், யாரோ வரைந்துகொண்டிருந்த ஒரு பாட்டிலைப் பார்த்தாள். பேன்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றாள்.

“தாள் தட்டையா இருக்கு சார். பாட்டில் உருண்டையா இருக்கு. நான் இருபது வருஷமா தட்டையான துணிய உருண்டையான ஆளுங்களுக்கு மாட்டிவிட்டுக்கிட்டு இருக்கேன். கத்தரி இல்லாம, ஊசி இல்லாம, வெறும் பென்சில வச்சு அத எப்படிப் பண்றாங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்னு தோணிச்சு.”

இதைவிட நல்ல ஆரம்பத்தை எனக்கு எழுத வராது. அடித்த மூன்றையும் அப்படியே விட்டிருக்கிறேன். இதன் அருமை தெரியட்டும் என்று.

3

படிப்பு அவளுக்குத் தலைக்கேறிவிட்டது. வேறு எப்படிச் சொல்வது? கடைக்கு வந்தவர்களின் இடுப்பை அளக்கப் போய் கழுத்து நிழலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுவிய பாத்திரத்தைக் கவிழ்க்காமல் அதன் விளிம்பு வட்டமா நீள்வட்டமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர், காலையில் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஓட வேண்டியவர்.

“அசையாதீங்க.”

“மெல்லணும்டி. மென்னா காது ஆடத்தான் செய்யும்.”

“அப்ப முழுங்குங்க.”

“இருபத்திரண்டு வருஷமா இந்தக் காது இங்கதான இருக்கு, இன்னிக்கி என்ன புதுசா?”

“இன்னிக்கித்தான் பாக்கறேன்.”

மனிதர் வாயில் இருந்ததை முழுங்கினார். பிறகு தலையைத் திருப்பி, “அந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கு,” என்று காட்டினார்.

வகுப்பின் முதல் பாதி வரைவது. இரண்டாம் பாதி ஓவிய வரலாறு. அதற்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தாள். கெஞ்சி வாங்கிப் பார்த்தேன். சில வரிகள்:

‘நிழல் கருப்பு இல்லை. உத்துப் பார்த்தால் நீலம். கருப்பு என்று இத்தனை நாள் சொன்னது யார்?’

‘பழைய ஓவியங்களில் கைக்குழந்தை எல்லாம் ஓய்வு பெற்ற அதிகாரி மாதிரி இருக்கு. குழந்தையைத் தூக்கி வைத்திருந்த ஆள் ஒருத்தர்கூட வரையவில்லையா?’

‘தூரம் போகப் போக ரோடு குறுகும் என்று கண்டுபிடித்தார்களாம். அதற்கு முன்னால் ரோட்டில் நடந்தவர்கள் எங்கே பார்த்துக்கொண்டு போனார்கள்?’

‘பெரிய ஆட்களுக்கும் கை வரைய வராது. வராதவர்கள் கையைப் பாக்கெட்டில் விட்டுவிடுவார்கள். (இது சார் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தது. பாக்கெட் எனக்குத் தெரியும்.)’

நான் இருபது வருடமாகப் படித்துக் கிழித்த கலை நூல்களை நினைத்துக்கொண்டேன். வயிற்றெரிச்சலாக இருந்தது.

4

இந்த சார் என்பவரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்லைடு சார். ஓவிய வரலாறு அவர் பொறுப்பு. திரையை இழுத்துவிட்டு, அறையை இருட்டாக்கி, பழைய ஸ்லைடு புரொஜெக்டரை ஓடவிடுவார். கணினியில் காட்டலாமே என்றால், “அதுல படம் வரும், வெளிச்சம் வராது,” என்பார்.

பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு பருவத்தையும் ஒரே படத்தில்தான் முடிக்கிறார். வரைந்தவர் பெயர் தெரியாத ஓவியம். அசல் எங்கோ தூர தேசத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போய்ப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. ஒரு அறை. இடப்பக்கம் ஜன்னல், அதன் வழியாக வெளிச்சம். வலப்பக்கம் திறந்த கதவு. நடுவில் வலப்பக்கம் பார்த்தபடி ஒரு மனிதன், கோட்டுக்குள் ஒரு கை மட்டும் நுழைந்திருக்கிறது. மேசை மேல் ஒரு கத்தரிக்கோல்.

“ஒளி இடப்பக்கம் இருக்கு. ஒளிக்கு முதுகு காட்டிட்டு, நம்ம எழுத்து போற திசையில, கதவப் பாத்துப் போறான். இவன் போறான். இவன் திரும்பி வரமாட்டான்.”

இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சாரின் வீட்டிலிருந்து யாரோ கோட்டை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பது வகுப்பின் முடிவு. யாரும் கேட்டதில்லை.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேருக்குத்தான் அடுத்த நிலை வகுப்பில் இடம். வரைவதில் டெய்லரக்கா கடைசி. நான் துண்டு துண்டாகக் கிடந்த தாளுக்கு மச்சினி போட்ட மதிப்பெண்ணை வெளியே சொல்ல முடியாது. ஆக, இந்தப் படத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசி, சாரிடம் மதிப்பெண் அள்ளினால்தான் உண்டு. அவளுக்கு அந்த இடம் வேண்டும். ஜிப் மாற்றும்போது, தூங்கும்போது, பல் தேய்க்கும்போது வேண்டும். அதனால் சார் சொன்னதையே ஒரு வரி பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டாள்.

5

பேச வேண்டிய சனிக்கிழமைக்கு முந்தின வகுப்பில், சார் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் அந்தப் படத்தை நோட்டில் பார்த்து வரைந்தாள். கோட்டுக்குள் இருந்த சட்டைக்குப் பொத்தான் வைத்தாள். நிமிர்ந்து பார்த்தால் திரையில் பொத்தான் அடுத்த பக்கம் இருந்தது.

‘மறுபடியும் தெரிஞ்சத வரைஞ்சுட்டியா, மண்டு,’ என்று தன்னையே திட்டிக்கொண்டு அழித்து, திரையில் இருந்தபடி மாற்றினாள். தெரிந்ததை வரையாதீர்கள், பார்ப்பதை வரையுங்கள் என்பதுதான் மச்சினி அவளுக்குக் கரடியாகக் கத்திய ஒரே பாடம்.

வியாழக்கிழமை கடையில் ஒரு ஆண் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது. ஆண் சட்டைக்குப் பொத்தான் போடுகிறவரின் வலப்பக்கம், காஜாத் துளை இடப்பக்கம். பெண்கள் சட்டைக்குத்தான் மாற்றி. ஊசியைக் குத்திவிட்டு நோட்டை எடுத்தாள். படத்தில் இருக்கிறவன் பெண்கள் சட்டை போட்டிருந்தான்.

(அவசரத்துக்குப் பெண்டாட்டி சட்டையை மாட்டிக்கொண்டிருக்கலாமே என்று நான் கேட்டேன். டெய்லரக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை.)

அப்புறம் கத்தரிக்கோல். நோட்டில் அதை அணு அணுவாகப் பார்த்து வரைந்திருந்தாள். தன் கத்தரியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். வலக்கைக் கத்தரியில் எப்படித் திருப்பினாலும் வலது அலகுதான் மேலே இருக்கும். படத்தில் இடது அலகு மேலே இருந்தது. சட்டையும் மாறி, கத்தரியும் மாறியிருக்கிறது என்றால், மாறியிருப்பது சட்டையும் இல்லை, கத்தரியும் இல்லை.

“ஸ்லைடத் திருப்பிப் போட்டிருக்காங்க,” என்றாள் வீட்டுக்காரரிடம். “பத்தொன்பது வருஷமா.”

“சொன்னா என்ன ஆகும்?”

“சார் சொன்னது மொத்தமும் போச்சு. கோவம் வந்துச்சுன்னா என் இடமும் போச்சு.”

“சொல்லலன்னா?”

“இடம் கெடைக்கும்.”

“அப்ப வாய மூடிக்கிட்டு இரு.” அவர் சோற்றைப் பிசைந்தார். கொஞ்சம் பொறுத்து, “ஒனக்குத்தான் அது வராதே,” என்றார்.

6

இங்கே நான் மாட்டிக்கொண்டேன்.

(அ) அவள் சொல்லவில்லை. மனப்பாடத்தை ஒப்பித்து, இடம் வாங்கி, அடுத்த நிலைக்குப் போகிறாள். இதை இரண்டு பக்கம் எழுதினேன். டெய்லரக்கா அதற்குள் நுழையவே மாட்டேன் என்றுவிட்டாள், அக்குளில் பிடிக்கிறதாம்.

(ஆ) அவள் சொல்கிறாள். சார் கோபத்தில் புரொஜெக்டரை அணைத்துவிட்டு (இது சார் இல்லை. இது நான் சின்ன வயதில் அடிவாங்கிய கணக்கு வாத்தியார்.)

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. நான்காம் பகுதியை மறுபடி படித்தேன். ‘இடப்பக்கம் ஜன்னல்’ என்று நானே அழுத்தம் திருத்தமாக எழுதியிருக்கிறேன். தப்பு. நீங்களும் அப்படியே மனசுக்குள் வரைந்துகொண்டீர்கள். பரவாயில்லை, நாம் எல்லாரும் ஒரே படகில்தான் இருக்கிறோம். அதைத் திருத்தப் போவதில்லை. அந்த அறையை நீங்களே கொஞ்சம் சிரமப்பட்டுத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

(ஒரு சந்தேகம். மச்சினியின் பாடம் தப்பா? தெரிந்ததை வைத்துத்தானே அக்கா பார்த்தாள்? மச்சினியிடமே கேட்டேன். “அத்தான், கட்டுரை எழுதாதீங்க. கதைய எழுதுங்க,” என்றாள்.)

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். நான் அங்கேதான் இருந்தேன், கடைசி வரிசையில், மாடலுக்கு உண்டான உரிமையோடு.

7

டெய்லரக்கா திரைக்கு முன்னால் போய்க் குச்சியை வாங்கிக்கொண்டாள். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள். படம் அவள் முகத்தில் பாதியும் திரையில் பாதியும் விழுந்தது.

“ஒளி இடப்பக்கம் இருக்கு,” என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். மறுபடி, “ஒளி இடப்பக்கம்…”

சார் தலையாட்டி ஊக்கப்படுத்தினார். அதுதான் அவளைக் கவிழ்த்தது என்று நினைக்கிறேன்.

“சார், இது பொம்பளச் சட்டை சார்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பொத்தானைக் காட்டினாள். கத்தரியைக் காட்டினாள். பையிலிருந்து தன் கத்தரியை எடுத்து வெளிச்சத்தில் நீட்ட, திரையில் அதன் நிழல் பெரிதாக விழுந்தது. சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. கடைசியாக, “மன்னிச்சிருங்க சார். யாரோ திருப்பிப் போட்டுட்டாங்க,” என்றாள். யாரோ என்று சொன்னாளே, அந்த ஒரு சொல்லுக்காகவே அவளுக்கு இரண்டு இடம் கொடுக்கலாம்.

சார் எழுந்து புரொஜெக்டரிடம் போனார். ஸ்லைடை உருவினார்; சூடு, விரலை உதறிக்கொண்டார். திருப்பினார். போட்டார். டக்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சிரிப்பும் வந்தது, வெட்கமில்லாமல் அழுகையும் வந்தது. வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வந்தது. கதவு இடப்பக்கம் போய்விட்டது. அந்த மனிதன் எழுத்து போகும் திசைக்கு எதிராக நின்றான். மேசை, கத்தரி, தூசி எல்லாம் அதே பழையதுதான். ஆனால் யாரோ அந்த வீட்டுக்கு இப்போதுதான் குடிவந்த மாதிரி இருந்தது. “ஐயோ,” என்று யாரோ முன்வரிசையில் சொன்னார்கள். சந்தோஷமாகத்தான் சொன்னார்கள்.

சார் நெடுநேரம் பார்த்தார். பிறகு முன்வரிசையில், மாணவர்களுக்கான நாற்காலியில் உட்கார்ந்தார். மதிப்பெண் தாளை எடுத்து எதையோ எழுதி, கையெழுத்துப் போட்டு, மச்சினியிடம் கொடுத்தார்.

“ஒங்க இடம் போட்டாச்சும்மா. இனிமே மார்க்குக்காக எதுவும் சொல்ல வேணாம்.”

டெய்லரக்கா கத்தரியைப் பைக்குள் போட்டாள். தலையை ஆட்டினாள்.

“எனக்கு இந்தப் படம் தெரியாது. இன்னிக்கித்தான் பாக்கறேன்,” என்றார் சார். “நீங்க கோட்டு போடறவங்களையும் பாத்திருக்கீங்க, கழட்டறவங்களையும் பாத்திருக்கீங்க. ஒரு கை உள்ள இருக்கு, ஒரு கை வெளிய இருக்கு. சொல்லுங்கம்மா. இவன் கெளம்பறானா? இல்ல, வந்துட்டானா?”

டெய்லரக்கா திரையை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்து, அந்த மனிதனின் தோளை உற்றுப் பார்த்தாள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. பிகு பண்ணவில்லை. கோட்டைப் போடுகிற தோள் எப்படித் தூக்கும், கழற்றுகிற தோள் எப்படிச் சரியும் என்று எனக்குத் தெரியாது. நான் சும்மா உட்காரத்தான் லாயக்கு. ஊகித்து எழுதி சாரை ஏமாற்றவும் மனசு வரவில்லை.

நீங்கள் எழுந்திருங்கள். ஆமாம், உங்களைத்தான். கோட்டோ சட்டையோ கையில் கிடைத்ததை எடுத்து, ஒரு கையை மட்டும் உள்ளே விட்டு நில்லுங்கள். ஒரு தடவை கிளம்புகிறவராக, ஒரு தடவை வந்துவிட்டவராக. கண்ணாடி முன்னால் வேண்டாம், அது இடவலத்தை மாற்றிவிடும். வீட்டில் யாராவது என்ன கூத்து இது என்று கேட்டால், வகுப்பில் இருக்கிறேன் என்று சொல்லுங்கள். உங்கள் தோள் என்ன சொல்கிறது என்று நிதானமாகக் கேளுங்கள்.

கேட்டதும் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். சார் கண்ணாடியைக் கழற்றாமல் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.