யூரிக் ஆசிட் 512

என் பெயர் மாக் சௌலிங். தென்சீனாவில், குவாங்தோங்கில், எங்கள் ஊர் மனநல ஆஸ்பத்திரியின் மூன்றாம் வார்டில் பத்தொன்பது வருஷமாக நர்ஸ். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பது என் வேலை. எடுத்த ரத்தம் என்ன சொல்கிறது என்று பேசுவது என் வேலை இல்லையாம். இதை எனக்குச் சொன்னவர் டாக்டர் லோய். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

லோய்க்கு முப்பத்தெட்டு வயது. பழைய நோயாளிகள் அறுநூறு பேரின் ரத்த அறிக்கைகளைத் தோண்டியெடுத்து ஒரு ஆய்வுக் கட்டுரை போட்டிருந்தார். யூரிக் ஆசிட் ஏறி, பிலிருபின் இறங்கியிருந்தால் அது வெறும் மனச்சோர்வு இல்லை, வெறியும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோயாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அதன் சாரம். இதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று கடைசிப் பத்தியில் அவரே எழுதியிருக்கிறார். நான் படித்தேன். எழுதின மனுஷன்தான் படிக்கவில்லை போல.

ஃபோங் க்வாய்வான் எங்களிடம் வந்தது ஜூலையில். வயது முப்பத்தொன்று, 27ஆம் நம்பர் பஸ் ஓட்டுகிறவள். ஒரு நாள் மார்க்கெட் நிறுத்தத்தில் வண்டியை ஓரம்கட்டி, எல்லாரையும் இறங்கச் சொல்லிவிட்டு, ஸ்டியரிங்கில் தலைசாய்த்து அழுதிருக்கிறாள். மனச்சோர்வு என்று எழுதினால் மூன்று மாத விடுப்பு, பிறகு அதே வண்டி. இருதுருவ நோய் என்று எழுதினால் கடுமையான மனநோயாளிகள் பட்டியலில் பெயர் ஏறும். அரசாங்கத்தின் தெரு அலுவலகத்திலிருந்து மாதாமாதம் ஆள் வந்து கதவைத் தட்டும். அப்புறம் எந்தக் கம்பெனி பஸ் கொடுக்கும்? அவளுக்கு ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

அவள் யூரிக் ஆசிட் 512. பெண்களுக்கு 360 தாண்டக் கூடாது. லோய் தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்கே, எதற்கும் இருக்கட்டும் என்று இருதுருவ நோய்க்கான மாத்திரையை ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டர், அவங்க அம்மா தினம் சாயங்காலம் ஃபிளாஸ்க்ல சூப்பு கொண்டாறாங்க. பன்னி எலும்பு, தாமரைக் கிழங்கு, காஞ்ச ஆக்டோபஸ். மூணு மணி நேரம் கொதிச்சது. இவ ரெண்டு கிண்ணம் குடிக்கிறா. யூரிக் ஆசிட் ஏறாம என்ன செய்யும்?"

"மாக் அக்கா, நீங்க ஊசியைப் பாருங்க. ரத்தத்தை நான் பாத்துக்கறேன்."

விடுவேனா? நேரே தலைமை டாக்டர் சியூ அம்மாவிடம் போனேன். ஐம்பத்தேழு வயது, நிதானமானவர். ஐந்து நாள் சூப்பை நிறுத்தி மறுபடி ரத்தம் பாருங்கள், வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவெடுக்கலாம் என்றார். அதற்குமேல் என்ன வேண்டும்?

க்வாய்வானின் அம்மாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது.

"ஏன், என் சூப்புல விஷமா கலந்திருக்கேன்?"

"விஷம் இல்லம்மா. அஞ்சு நாளைக்கு மட்டும் வேணாம்."

"நாப்பது வருஷமா இதைத்தான் குடிக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?"

"உங்க ரத்தத்தை வெச்சு யாரும் கட்டுரை எழுதலையே."

முறைத்துவிட்டு ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் சூப் வரவில்லை. வெறும் அரிசிக் கஞ்சிதான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ரத்தம் எடுத்துக் கொடுத்தேன். முடிவு பதினொரு மணிக்கு வரும். கூட்டமோ பத்து மணிக்கே ஆரம்பித்துவிட்டது. சியூ அம்மா, லோய், நாலைந்து இளைய டாக்டர்கள், மூலையில் நான். க்வாய்வானைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு வெளியே உட்காரச் சொன்னார்கள்.

"ஒரு மணி நேரம் பொறுப்போம், தாள் வரட்டும்" என்றார் சியூ அம்மா.

"வரட்டும். ஆனா இதையும் குறிச்சுக்குங்க" என்றார் லோய். "புத்தாண்டுக்கு முன்னாடி மூணு ராத்திரி தூங்காம வீட்டைக் கழுவியிருக்கா. அந்த வெறிக்கு என்ன பேரு?"

எனக்குப் பொறுக்கவில்லை. "புத்தாண்டுக்கு முன்னாடி வீடு கழுவாம இந்த ஊர்ல எவ தூங்கினா? அப்ப ஊரையே அட்மிட் பண்ணுங்க."

இளையவர்கள் குனிந்து சிரித்தார்கள். அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். மூடினேனா, பாவி?

"யூரிக் ஆசிட் ஏறினாலே அந்த நோய்னா, உங்க செருப்பைக் கழட்டுங்க டாக்டர். போன மாசம் கால் கட்டை விரல் வீங்கி நொண்டிக்கிட்டு வந்தீங்களே, உங்களுக்கு 590. ரத்தம் எடுத்தது நான்தான்."

அறையே சிரித்தது. சியூ அம்மாகூட டீக்கோப்பை மூடியால் வாயை மறைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். பொய் சொல்வானேன், வயிறு குளிர்ந்தது.

லோய் மட்டும் சிரிக்கவில்லை. காது மடல் வரை சிவந்துபோய்ப் பேனாவை எடுத்தார். எங்கள் ஆட்கள் எதையும் பொறுப்பார்கள், தனக்குக் கீழே இருப்பவர்கள் முன்னால் மானம் போய் முகம் இழப்பதைப் பொறுக்க மாட்டார்கள். இது தெரியாத வயதா எனக்கு?

"இருதுருவ நோய்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சியூ அம்மாவைப் பார்த்தேன். சிரித்துவிட்ட குற்றத்துக்கு அவர் லோயின் முகத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். "நோயாளி லோயோட நோயாளி. அவர் முடிவே முடிவு" என்றார். தாளுக்குக் காத்திருக்கிற பேச்சே எழவில்லை.

பதினொரு மணிக்கு வந்தது. 338. ஓடிப்போய் லோயின் மேஜையில் அடித்து வைத்தேன்.

அவர் நிதானமாகப் படித்தார். "நல்லா இறங்கியிருக்கு. மாத்திரை வேலை செய்யுது பாத்தீங்களா?"

ஏறினாலும் அவர் சொன்னது சரி, இறங்கினாலும் அவர் சொன்னது சரி. அந்தத் தாளை அவர் வாயில் திணிக்க வேண்டும் போல் இருந்தது. சியூ அம்மாவிடம் ஓடினேன். போட்ட கையெழுத்தைத் திருத்தச் சொன்னால் லோய் வேலையை விட்டே போய்விடுவான் என்றார். மேலே எழுதிப் போட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

பத்து நாளில் க்வாய்வானை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குள் பட்டியலில் பெயர் ஏறி, பஸ் கம்பெனிக்கும் விஷயம் போய், சாவியை ஒப்படைக்கச் சொல்லி ஆள் வந்துவிட்டது. அவள் அம்மா கீழே மாத்திரை வாங்கப் போயிருந்தார். க்வாய்வான் கட்டிலில் உட்கார்ந்து துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் காகிதங்களை நீட்டினேன்.

"மாக் அக்கா, அன்னைக்குக் கூட்டத்துல எல்லாரும் சிரிச்சீங்களே. நான் கதவுக்கு வெளியிலதான் உக்காந்திருந்தேன். என்னை நெனச்சா சிரிச்சீங்க?"

"ஐயோ, இல்லம்மா. டாக்டர் லோயைப் பாத்து. நான்தான் அவர் மானத்தை வாங்கிட்டேன்."

அவள் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அவருக்கு வேலை போகலையே அக்கா" என்றாள்.