ஒரு முழம் பனி

தோள்பட்டை கழன்று தனியாகத் தொங்குவதுபோல் இருந்தது பனியனுக்கு. கையைத் தூக்கித் தலையைச் சொறியக்கூட முடியவில்லை. விடிந்ததிலிருந்து கேன் இழுத்த வலி. குழாய் வழியாகத் தானாகப் போய்ச் சேர வேண்டியதையெல்லாம் மனுஷன் தோளில் ஏற்றியாகிவிட்டது. காற்றைக் குளிரவைத்துத் திரவ நைட்ரஜன் ஆக்கும் இயந்திரம் படுத்துவிட்டால், வெளியிலிருந்து லாரியில் வருவதைக் கேனில் பிடித்து இழுக்காமல் வேறென்ன செய்வது.

அந்த ஆராய்ச்சிக் கழகத்தில் எல்லாக் கட்டடத்துக்கும் அந்தத் திரவம் வேண்டும். தொட்டால் தோல் உரிந்து வரும் குளிர். ஒரு கட்டடத்தில் எலிக் கருவை அதில் போட்டு வைத்திருந்தார்கள். இன்னொன்றில் கடலடிச் சேறு. மருத்துவப் பிரிவில் எவர் வயிற்றிலிருந்தோ எடுத்த கட்டி. எதை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று அவன் கேட்டுக்கொள்வதில்லை. ஊற்றுவான், அளப்பான், மூடுவான், அடுத்த வாசலுக்குப் போவான். கேனிலிருந்து கொட்டுகிற பனிப்புகைக்கு நடுவிலும் கோட்டைக் கழற்றி வீசிவிட்டு வெறும் பனியனோடு நிற்பதால் அவனுக்குப் பனியன் என்றே பெயர். இயக்குநர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

அவனை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டது அக்கா. செடி ஆராய்ச்சிக் கட்டடத்தில் அவள் விஞ்ஞானி. ஓரிடத்தில் நிலைக்காமல், வேலை பார்த்த இடமெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்தவனை இழுத்துப்போய் இயக்குநர் முன்னால் நிறுத்தி, "இவனுக்கு நான் பொறுப்பு" என்று சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவன் ஒழுங்காக இருந்தான்.

அவளுடைய மொத்த ஆராய்ச்சியும் ஒரு மரம். செம்பால் மரம் என்பார்கள். வெட்டினால் சிவப்பாகப் பால் வடியும். முதலில் கோடாலி தின்றது, மிச்சத்தைப் பூஞ்சை தின்றது. கடைசி மரம் வேலிக்குள் நின்றபடியே செத்தது. அது சாவதற்கு முன் அக்கா ஏணி போட்டு ஏறி, நோய் தொடாத கொழுந்து நுனிகளைக் கிள்ளி எடுத்து வந்தாள். அரிசி மணியைவிடச் சிறிய நுனிகள். மொத்தமே ஒரு கைப்பிடி தேறும். அதைச் சின்னக் குப்பிகளில் அடைத்து, நைட்ரஜன் கேனுக்குள் இறக்கி வைத்திருந்தாள். பூமியில் செம்பால் மரம் என்று எஞ்சியிருந்தது அந்தக் குட்டைக் கேனுக்குள் இருந்ததுதான். இன்னொரு கேன் வேண்டும், பாதியைப் பிரித்து வேறு கட்டடத்தில் வைக்க வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றார்கள்.

மலையில் அந்த மரத்தை வெட்டித்தான் அவர்களுடைய அப்பா குடும்பத்தை ஓட்டினார். கிளையை இழுத்து வந்து அடுக்குவது அக்காவின் வேலை. அவளுடைய உள்ளங்கையில் அந்தச் சிவப்புக் கறை பள்ளிக்கூடம் முழுக்கப் போகவில்லை. "நாம அந்த மரத்தத் தின்னு வளந்தவங்கடா" என்று அவள் சில சமயம் சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

இயந்திரம் படுத்த அந்த வாரம் எல்லாருடைய கண்ணும் பனியனின் தள்ளுவண்டி மேல் இருந்தது. அதிலும் துகள் சார் கட்டடவாசலிலேயே நின்றார். இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு துகளைப் பிடிக்க, ஈயச் சுவர் கட்டி அதற்குள் ஒரு கருவி வைத்திருந்தார். கருவி சூடானால் அத்தனை நாள் காத்திருந்ததும் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"பனியா, என் தொட்டி எறங்கிக்கிட்டே போகுதுய்யா."

"எல்லார் தொட்டியும் எறங்குது சார். நான் ஒரு ஆளு."

"நீ ஒரு ஆளுதான். ஆனா நீ வரலைன்னா நான் ஆளே இல்ல."

"இப்படிப் பேசிப் பேசியே என் தோளக் கழட்டிட்டீங்க."

திரவம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கு எந்த மீட்டரையும் அவன் நம்புவதில்லை. ஒரு நீளமான மரக்குச்சி. கேனுக்குள் விட்டு, கொஞ்சம் நிறுத்தி, எடுத்துக் காற்றில் ஆட்டினால், திரவம் தொட்ட உயரம் வரை வெள்ளையாகப் பனி படரும். அந்தக் கோடுதான் கணக்கு. ஒரு கேனில் விட்ட குச்சியைத் துடைத்து, பனி போய் வெறும் மரமான பிறகுதான் அடுத்த கேனில் விட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அவன் முதலில் சொல்லித் தருவதே அதுதான்.

துகள் சாரின் பெரிய தொட்டியை அளந்துவிட்டு, மழையோடு மழையாக அக்கா கட்டடத்துக் கீழ்த்தளத்துக்கு வந்தான். வண்டியில் அக்காவுக்கென்று ஒரு கேன் நிறைய வைத்திருந்தான். குச்சி தோளில் இருந்தது. தோள் விண்விண் என்று தெறித்தது. அக்காவின் கேன் கழுத்தில் வேர்த்திருந்தது. மழைநாள், எல்லாக் கேனும் வேர்க்கிறது என்று நினைத்துக்கொண்டான். மூடியைத் திறந்தான், குச்சியை விட்டான், எடுத்தான், ஆட்டினான். வெள்ளைக் கோடு உயரமாக நின்றது.

அக்காவுக்குப் போன் போட்டான். அவள் மண்ணில் கைவைத்திருந்தாள். வரும் வாரம் முதன்முதலாக நுனிகளை வெளியே எடுத்து வளர்க்கப் போகிறாள், துளிர்த்த பிறகு நடுவதற்கு மண்தொட்டிகள் தயாராகிக்கொண்டிருந்தன.

"அக்கா, உன் கேன்ல நல்லா இருக்கு. ஒரு முழத்துக்கு மேல."

"சரிடா."

"உனக்குக் கொண்டாந்தத துகள் சாருக்குத் திருப்பிடவா? மனுஷன் அழாத குறை."

"குடு, பாவம். என்னால அவரு வேலை ஏன் நிக்கணும்."

வண்டியை அப்படியே திருப்பித் தள்ளிக்கொண்டு போனான். துகள் சார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அக்கா புதுக் கையுறை போட்டுக்கொண்டு அவனையும் கூப்பிட்டாள். "வாடா, பிரசவம் பாக்கலாம்" என்றாள். மூடியைத் திறந்தாள். வழக்கமாக மூடி திறந்ததும் வெள்ளையாக ஆவி பொங்கி விளிம்பில் வழியும். ஒன்றும் வரவில்லை. அவள் குனிந்து பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையைக் கேனுக்குள் விட்டாள். அவன் தடுக்கக் கையைத் தூக்கினான். தேவைப்படவில்லை.

"சில்லுன்னுகூட இல்லடா" என்றாள்.

அவனுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அன்றைக்குக் குச்சியைத் துடைத்தோமா என்று யோசிக்கவே தேவையில்லாமல் இருந்தது. குச்சியில் நின்றது துகள் சாருடைய தொட்டியின் பனி. இரட்டைச் சுவருக்கு நடுவில் வெளிச்சூட்டைத் தடுக்கும் வெற்றிடம் கசிந்து போய், அக்காவின் கேன் அன்றைக்கே வற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

அக்கா அழவில்லை. எல்லாக் குப்பியையும் எடுத்து, ஒவ்வொரு நுனியையும் சத்துக்கூழ் ஊற்றிய கண்ணாடிக் குடுவையில் நட்டாள். எதாவது ஒன்று பிழைத்திருக்கலாம். விளக்கு போட்ட அலமாரியில் குடுவைகள் வரிசையாக நின்றன. பனியன் வேலைக்கு வரும்போதும் போகும்போதும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தான். நுனிகள் மஞ்சளாகி, பழுப்பாகி, டீத்தூள் மாதிரி ஆயின. அக்கா ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவும் தொட்டியில் வைத்தாள்.

ஒரு நாள் காலையில் ஓரத்துக் குடுவையில் பச்சை தெரிந்தது. அவன் மாடிப்படியைத் தாவி ஏறி ஓடினான். "அக்கா, பச்சை. ஓரத்துல, வந்து பாரு." அவள் செருப்பைக்கூடப் போடாமல் வந்தாள். குடுவையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பூஞ்சைடா" என்றாள். அதையும் கழுவும் தொட்டியில் வைத்தாள்.

விசாரணை இயக்குநர் அறையில் நடந்தது. துகள் சாரும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"கடைசியா யார் அளந்தது?" என்று இயக்குநர் கேட்டார்.

பனியன் எழுந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசிவிட்டாள்.

"கேன் பழசு சார். வெற்றிடம் போயிடுச்சு. ரெண்டாவது கேன நான் சண்டை போட்டு வாங்கியிருக்கணும், வாங்கல. என் பொறுப்பு."

இயக்குநர் மேஜையைப் பார்த்தார். அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை. பனியன் நின்றபடியே இருந்தான். பிறகு உட்கார்ந்தான். அப்படி உட்கார்ந்ததைத்தான் பின்னால் அவனால் பொறுக்க முடியவில்லை.

வெளியே நடைபாதையில் அக்கா வேகமாக நடந்தாள். அவன் பின்னாலேயே போனான்.

"குச்சியத் தொடைக்கல அக்கா."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

அவள் நின்றாள். "ஒரு முழத்துக்கு மேலன்னு போன்ல சொன்னியே. என் கேன் உள்ள ஒரு முழமே கெடையாதுடா. நெறைய ஊத்தினாக்கூட அந்த உயரத்துக்குக் கோடு வராது. நீ சொன்ன, நான் சரின்னேன். கையில மண்ணு, மனசுல நடப்போற தொட்டி. அந்த ஒரு வார்த்தைய யோசிச்சிருந்தா போதும்."

"நான் போய்ச் சொல்லிடறேன்."

"சொல்லி? உன் வேலை போகும். மரம் வருமா?"

"உனக்கு என்ன பதில் சொல்றது நான்?"

"எனக்கு என்னடா. எனக்கா நட்டேன்." குரல் அங்கேதான் உடைந்தது. முகத்தை மூடிக்கொள்ள உள்ளங்கைகளைத் தூக்கியவள், மூடாமல் அவற்றையே பார்த்தாள். கறை எல்லாம் போய் வெகுகாலம் ஆயிற்று. வெறும் கைதான். அதை அவள் பார்த்த பார்வையை அவன் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மழைக்காலம் முடிந்தபோது துகள் சார் கருவியை நிறுத்தினார். அன்றைக்கு வாசலில் டீக் குவளையோடு நின்றிருந்தார்.

"மாட்டிச்சா சார்?"

"ஒண்ணும் மாட்டல." டீயை ஊதிவிட்டு, "ஒண்ணும் இல்லைங்கறதும் எங்களுக்கு ஒரு முடிவுதான் பனியா" என்றார். பிறகு, யாரிடம் அதைச் சொல்லிவிட்டோம் என்று தோன்றியதோ என்னவோ, டீயைக் குடிக்காமல் உள்ளே போய்விட்டார்.

அக்காவை நெல் வேர் ஆராய்ச்சிக்கு மாற்றினார்கள். போனாள். வேலையில் குறை வைக்கவில்லை. அவனைப் பார்த்தால் தோள் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். அந்தக் குட்டைக் கேனைக் கழுவி, கீழ்த்தளத்தில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அளந்து முடித்ததும் பனியன் அதன்மேல் குச்சியைச் சாய்த்து வைத்து, பனி மொத்தமும் உருகிச் சொட்டி, மரம் வெறும் மரமாகும் வரை பக்கத்தில் நிற்பான். அவசரம் என்று எவர் கத்தினாலும் நகரமாட்டான். தோள் வலி அப்படியேதான் இருந்தது.

அப்பா வெட்டித் தின்றதை அக்கா திருப்பிக் கட்டப் பார்த்தாள். அந்தக் கடன் இப்போது இவன் தலையில். மலைக்கு ஒரு செம்பால் மரம் தர வேண்டும். இன்னும் தரவில்லை.